ஸ்கீவவில் நான் மாற்றிய கதவு

இதில் வரும் கதவைக் கழற்றியவன் நான். சுமந்து கொண்டுபோய் முற்றத்தில் போட்டவனும் நான். ஆகவே, "கனவு கண்டிருப்பாய்", "களைப்பில் கண்ணைக் கட்டியிருக்கும்" என்றெல்லாம் யாரும் எனக்கு விளக்கம் சொல்ல வரவேண்டாம். அப்படிச் சொன்ன என் மச்சானோடு நான் இப்போது பேசுவதில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

என் பெயர் தேவராசா. இருப்பது டென்மார்க்கில், வைலேயில். தொழில் தச்சு வேலை. யாராவது பேய், ஆவி என்று தொடங்கினால், "பேய்க்கதை கதையாதை" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

போன மார்கழிக்கு முந்தின மார்கழி. ஸ்கீவவில் ஒரு பழைய குடியிருப்பைத் திருத்தும் வேலை எங்கள் கொம்பனிக்குக் கிடைத்திருந்தது. எழுபதுகளில் மஞ்சள் செங்கல்லால் கட்டிய மாடிக் கட்டடங்கள். குறைந்த வாடகைக்குக் கொடுக்கிற வீடுகள் அவை. கட்டிய நாளிலிருந்து பெரிதாக யாரும் கை வைக்கவில்லை. ஜன்னல் இடுக்கால் காற்று விசிலடிக்கும். குளியலறை மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். சனம் குடியிருக்கிற வீடு குறைந்தது இந்தத் தரத்திலாவது இருக்கவேண்டும் என்று அரசாங்கம் ஒரு அளவு வைத்திருக்கிறது அல்லவா, அந்த அளவுக்கு இவற்றைக் கொண்டுவர வேண்டும். ஒரு படிக்கட்டுக்குரிய வீடுகளைக் காலியாக்கி, ஆட்களுக்குத் தெருக்கோடியில் தற்காலிக வீடு கொடுத்து, வேலையை முடித்துத் திரும்பக் கூட்டிவருவார்கள். பிறகு அடுத்த படிக்கட்டு. ஜன்னல், குளியலறை, காற்றுக் குழாய் எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் வாசல் கதவு.

கதவு என் பொறுப்பு. புதுக் கதவு நல்ல சாமான், நான் குறை சொல்லமாட்டேன். தடிப்பானது. நெருப்பைத் தாங்கும். தானாகவே மூடிக்கொள்ளும். திறப்பு, அதாவது சாவி, போடத் துளையே இல்லை. கறுப்புத் தகடு ஒன்று இருக்கும். குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் பிளாஸ்டிக் வில்லையை அதில் காட்டினால் திறக்கும்.

அந்தப் படிக்கட்டில் ஆட்கள் வெளிக்கிட்ட நாள் காலையில் அளவெடுக்கப் போனேன். இரண்டாம் மாடி, இடது பக்க வீடு. பெயர்த் தகட்டில் மகேந்திரராசா என்று இருந்தது. ஸ்கீவவில் எங்கள் சனம் ஒரு கைப்பிடிதான். பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசமாகப் போயிற்று. வாசலில் ஒரு அம்மா, மேலங்கி போட்டு, கையில் ஒரு பையோடு நின்றார். அறுபதுக்குக் கிட்ட வயதிருக்கும். பெயர் அருமைநாயகி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"தம்பி தமிழோ?"

"ஓம் அக்கா."

"கடவுளே, நல்லதாப் போச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இந்தக் கதவை மட்டும் மாத்தாமல் விடுங்கோவன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் புதுக் கதவு எப்ப வரும் எண்டு என்ரை உயிரை எடுக்கினம். பழசு வேணும் எண்டு கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் அக்கா."

அவர் சிரிக்கவில்லை. "மகள் வாறவள், தம்பி. பின்னேரம் மூண்டரைக்கு. பள்ளிக்கூடம் விட்டு."

"அதுக்கென்ன? அவவுக்கும் ஒரு வில்லை தருவினம். யோசியாதேங்கோ."

"அவள் செத்து ஒன்பது வருசம்."

என் கையில் இருந்த அளவுநாடா சுருண்டு உள்ளே போன சத்தம்தான் கேட்டது. அவரோ கடையில் மரக்கறி கேட்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். மகளின் பெயர் துவாரகா. பதினொரு வயது. பள்ளிக்கூடத்தால் சைக்கிளில் வந்தபோது லொறி அடித்தது. அந்த நாட்களில் அருமைநாயகி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. பாணுக்கு மேலே மெல்லிய சொக்கிளேற் தகடு வைத்து, தட்டால் மூடி, சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போவார். பிள்ளை தானே கதவைத் திறந்து வந்து சாப்பிடும். செத்த வீடு முடிந்து இரண்டாம் மாதம் காலை வேலைக்கு மாறிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் பின்னேரத்தில் வீட்டைவிட்டு விலகவில்லை.

"எல்லாரும் ஆவி எண்டால் சுவருக்குள்ளாலை வரும் எண்டு நினைக்கினம்," என்றார். "என்ரை பிள்ளை அப்பிடி வாறேல்லை. திறப்பைப் போட்டுத் திறந்துகொண்டுதான் வாறவள். பூட்டு மாறினால் அவள் எப்பிடித் தம்பி வருவாள்?"

"பாப்பம் அக்கா," என்றேன்.

கீழே இருந்து பெட்டிகளை ஏற்றிவிட்டு அவருடைய கணவர் மேலே வந்தார். மகேந்திரராசா அண்ணை ஒல்லியான மனிதர். தொழிற்சாலை வேலை. மனைவியைக் காருக்கு அனுப்பிவிட்டு, அவர் படியிறங்கும் சத்தம் அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னவவோ?"

"ஓம் அண்ணை."

"நீர் கதவை மாத்தும் தம்பி. பூட்டையும் மாத்தும். அப்பவாவது இந்த வீட்டுக்கு ஒரு நிம்மதி வரட்டும்."

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தப் பழைய பூட்டைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

பாவம், பிள்ளையைப் பறிகொடுத்த மனம் அப்படித்தான் எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு மறந்தும் போனேன். வேலை தலைக்கு மேலே இருந்தது.

மூன்று கிழமை போயிற்று. ஒரு வியாழக்கிழமை. என்னோடு வேலை செய்கிற ஹென்னிங் நல்ல மனிதன். ஆனால் மூன்று மணி என்றால் ஆணி பாதி இறங்கியிருந்தாலும் அவனுக்கு வீடு. அவனும் மற்றவர்களும் போய்விட்டார்கள். நான் அந்த இரண்டாம் மாடி வீட்டுக் குளியலறையில் கதவு நிலையைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. மார்கழியில் இங்கே பின்னேரம் என்று ஒன்று கிடையாது. பகல் முடிந்தால் நேரே இருட்டுத்தான். வேலை விளக்கு ஒன்றை மட்டும் கொளுத்தி வைத்திருந்தேன்.

பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது.

பழைய பூட்டு அது. இரண்டு தரம் திருப்ப வேண்டும். டக்... டக்... பிறகு கதவு திறந்தது.

ஹென்னிங் எதையோ மறந்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். "என்ன, போனை விட்டிட்டியோ?" என்று டேனிஷில் கத்தினேன். பதில் இல்லை. நடையில் ஏதோ பாரமான பை விழுந்த சத்தம். பிறகு சப்பாத்து கழற்றுவதுபோல் இரண்டு சின்னச் சத்தம். பிறகு சமையலறைப் பக்கம் மெத்தென்று காலடிகள்.

சமையலறையில் அப்போது ஒன்றும் இல்லை. அலுமாரி இல்லை, மேசை இல்லை, தரைப்பலகையும் இல்லை. காலடிகள் சமையலறை வாசலில் நின்றன.

நான் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. கதவடியில் கொஞ்சம் தண்ணீர்... பனி உருகினதுபோல. அவ்வளவுதான். காற்று என்று நினைத்தேன். ஹென்னிங் பூட்டாமல் போயிருப்பான் என்று நினைத்தேன். அவனை மனதுக்குள் திட்டியும் தீர்த்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நானே கதவை இரண்டு தரம் திருப்பிப் பூட்டினேன். திறப்பை என் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வேலையில் மனம் போகவில்லை. நடையில், கதவிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, சுவரில் சாய்ந்து நின்றேன். என்னை நானே ஏசிக்கொண்டேன். வயது போன நேரத்தில் உனக்கென்ன விசர் என்று.

மூன்றரை.

டக்... டக்...

கைபிடி கீழே போனது. என் கண்ணால் பார்த்தேன். கதவு உள்ளே வந்தது. படிக்கட்டில் ஒருவரும் இல்லை. ஆனால் என் இடுப்பு உயரத்தில் ஒரு குளிர் என்னை உரசிக்கொண்டு போனது. நனைந்த கம்பளிக் கையுறையின் மணம். என் பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது வீட்டில் ஹீற்றருக்கு மேலே காயப்போட்டால் வருமே, அதே மணம்.

காலடிகள் சமையலறைக்குப் போயின. நின்றன. அங்கே தட்டு இல்லை. தாயும் இல்லை. பிறகு காலடிகள் அறைக்குப் போயின. அடுத்த அறைக்கு. திரும்ப நடைக்கு. கொஞ்சம் வேகமாக. தாயைத் தேடுகிற பிள்ளை ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்க்குமே, அப்படி.

எனக்குப் பயத்தை விட அழுகைதான் முதலில் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன். வெளியே ஓடி, என் வான் வண்டிக்குள் ஏறியிருந்து அழுதேன். அங்கிருந்தே மகேந்திரராசா அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, அக்கா சொன்னது பொய்யில்லை. கொம்பனியோடை கதைச்சு, இந்த ஒரு கதவை மட்டும் விடேலுமோ எண்டு கேட்டுப் பாக்கட்டோ?"

"வேண்டாம் தம்பி. திங்கட்கிழமையே மாத்தும். கெதியா மாத்தும்." போனை வைத்துவிட்டார்.

எப்படியும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. அந்தக் கிழமை நடுவில் வேலையைச் சரிபார்க்க அதிகாரிகள் வருவார்கள். பழைய கதவு ஒன்று இருந்தாலும் அந்தப் படிக்கட்டுக்கே ஒப்புதல் கிடைக்காது. சனி ஞாயிறு நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி யோகமலர் என்னவென்று விசாரித்து, விசயத்தை வாங்கிவிட்டாள். திங்கள் விடிய என் மேலங்கிப் பைக்குள் ஒரு தேசிக்காயைப் போட்டுவிட்டாள், எலுமிச்சைதான். "இது எதுக்கடியப்பா?" என்று கேட்டேன். "கதையாமல் கொண்டு போங்கோ," என்றாள். நானும் கதையாமல் கொண்டு போனேன். அதிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள், நான் எந்த நிலையில் இருந்தேன் என்று.

திங்கட்கிழமை பகல் இரண்டு மணிக்குள் அந்த வீட்டுக் கதவை மாற்றிவிட்டோம். பழையதை நானும் ஹென்னிங்கும் இரண்டு பக்கமும் பிடித்துக் கீழே இறக்கி, முற்றத்தில் மற்றப் பழைய கதவுகளோடு படுக்கப் போட்டோம். பிறகு மூன்றாம் மாடிக் கதவுகள் இரண்டையும் கொண்டுவந்து அதற்கு மேலே அடுக்கினோம். இதை ஏன் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும். மூன்று மணிக்கு ஹென்னிங் போனான். மெல்லியதாகப் பனி கொட்டத் தொடங்கியது.

நானும் போயிருக்கலாம். அழைப்பு மணி இன்னும் பூட்டவில்லை. அந்த ஒரு வேலையை முடித்துவிட்டுப் போவோம் என்று நின்றேன். பொய் சொல்லக் கூடாது... அந்தப் பிள்ளை வருகிறதோ என்று பார்க்கத்தான் நின்றேன்.

புதுக் கதவு மூடியிருந்தது. நான் உள்ளே நின்றேன். புது ஜன்னல்கள். காற்றுச் சத்தமே இல்லை. வீடு அவ்வளவு அமைதி. என் மூச்சே எனக்குக் கேட்டது.

மூன்றரை தாண்டியது. ஒன்றும் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

கிரீச்...

கதவுக்கு வெளியே. உலோகம் உலோகத்தில் உரசும் சத்தம். திறப்பு நுனியால் கறுப்புத் தகட்டைச் சுரண்டுகிற சத்தம். துளையைத் தேடுகிறது. மேலே... கீழே... பக்கத்தில்...

நின்றது.

திரும்பவும் தொடங்கியது.

நான் அசையவில்லை. கால் அசையவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

பிறகு மணி அடித்தது.

மணி பூட்டவில்லை என்று சொன்னேன் அல்லவா? அதன் வயர் நுனி என் கையில் இருந்தது. மணிப்பெட்டி தரையில் கிடந்தது.

அது அடித்தது.

ஒரு தரம். இரண்டு தரம்.

பிறகு தட்டு. மெல்லத் தட்டுகிற சத்தம். என் இடுப்புப் பட்டி உயரத்தில்.

"அம்மா..."

சின்னக் குரல். குளிரில் நடுங்கின குரல்.

"அம்மா... டெ எர் மாய்."

நான்தான் என்று சொல்கிறாள், டேனிஷில். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தானே. அம்மாவை மட்டும் தமிழில் கூப்பிடும். மிச்சமெல்லாம் டேனிஷ். என் மகளும் அப்படித்தான்.

அந்த நினைப்பு வந்ததும் என் கால் நகர்ந்தது. கைபிடியைப் பிடித்து இழுத்தேன். கதவை அகலத் திறந்தேன்.

"வாங்கோ பிள்ளை," என்றேன். "உள்ளை வாங்கோ."

ஒருவரும் இல்லை.

பிந்திவிட்டேன்.

படிக்கட்டில் புது விளக்குகள் போட்டிருந்தோம். ஆள் நடமாட்டத்துக்குத் தானாக எரிகிற விளக்குகள். இரண்டாம் மாடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்க முதலாம் மாடி விளக்கு எரிந்தது. பிறகு கீழ்த்தளம்.

அவள் இறங்கிப் போகிறாள்.

கீழே பெரிய கதவு சாத்திய சத்தம் கேட்டது.

சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன். முற்றம் தெரிந்தது. கம்பத்து விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாகப் பனி. பழைய கதவு அடுக்கு.

அடுக்குக்குப் பக்கத்தில் ஒரு கதவு நின்றது.

சாய்ந்து அல்ல. நேராக. நிலையில் நிற்கிற மாதிரி. வெட்டவெளியில்.

டக்... டக்...

இரட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு மாடி கீழே. எனக்குக் கேட்டது.

கதவு திறந்தது.

அந்தப் பக்கம் வீடு இல்லை. சைக்கிள் கொட்டகையும் பனியும்தான். பிள்ளை தன் கதவைத் தேடிக் கண்டுபிடித்து, திறந்து, பார்த்தால்... வீடு இல்லை.

"ஐயோ, என்ரை அம்மா!" என்று கத்திவிட்டேன். எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. நான் போனபோது கதவு மூடியிருந்தது. தொட்டேன். தொட்டதும் மெல்லச் சரிந்து மற்றக் கதவுகளின் மேல் விழுந்தது. அதற்கு மேலே நாங்கள் அடுக்கின இரண்டு கதவும் எப்படியோ அதற்கு அடியில் கிடந்தன.

பனியில் சின்னச் சப்பாத்து அடிகள் இருந்தன. படிக்கட்டு வாசலில் இருந்து கதவு நின்ற இடம் வரைக்கும். அதற்கு அங்கால் பனியைத் தொட்ட அடையாளம் இல்லை. திரும்பி வந்த அடியும் இல்லை. கதவுக்கு முன்னால் ஒரே இடத்தில் பனி மிதிபட்டுக் கிடந்தது. குளிருக்குப் பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி நிற்பார்களே, அப்படி.

பூட்டில் ஒரு திறப்பு இருந்தது.

கறுத்துப்போன திறப்பு. நெருப்பில் கிடந்து எடுத்தது போல் ஒரு பக்கம் கொப்பளித்து, வளைந்து இருந்தது. அந்த வளைந்த திறப்பு ஒரு பூட்டுக்குள்ளும் போகாது. ஆனால் போயிருந்தது. பனியை விடக் குளிராக இருந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வைலேக்கு ஓட்டி வந்தேன். யோகமலர் தந்த தேசிக்காய் அதே பைக்குள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது சுருங்கிக் கறுத்துக் கிடந்தது.

திறப்பை நான் யாரிடமும் காட்டவில்லை. என்னவென்று காட்டுவது? அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். எல்லாம் சரி என்று ஒப்புதல் கொடுத்தார்கள். தை மாதத்தில் அந்தப் படிக்கட்டுச் சனம் திரும்பி வந்தது. நாங்கள் அடுத்த படிக்கட்டுக்குப் போனோம்.

மாசி மாதம் கொம்பனியில் இருந்து எனக்கு ஒரு தகவல் வந்தது. இரண்டாம் மாடி, இடது பக்கம். கதவைத் தினமும் பின்னேரம் திறந்து கட்டை வைத்து நிறுத்துகிறார்களாம். தானாக மூடவேண்டிய கதவு. நெருப்புப் பிடித்தால் ஆபத்து. அயல்வீட்டுக்காரர் முறைப்பாடு. போய்ப் பார்த்து, ஆட்களுக்கும் சொல்லிவிட்டு வரச் சொன்னார்கள்.

போனேன். கதவு அகலத் திறந்திருந்தது. கீழே ஒரு மரக்கட்டை. படிக்கட்டுக் குளிர் முழுக்க வீட்டுக்குள். அருமைநாயகி அக்கா மேலங்கி போட்டுக்கொண்டு, நடையில் ஒரு கதிரையில் இருந்தார். எங்கள் புதுச் சமையலறை மேசையில் ஒரு தட்டு மூடியிருந்தது. மகேந்திரராசா அண்ணை உள்ளே நின்று என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாங்கோ தம்பி," என்றார் அக்கா. கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன். "வீடு நல்ல சூடு. ஜன்னலாலை ஒரு காத்தும் வாறேல்லை. எல்லாம் வடிவாச் செய்திருக்கிறியள்."

"அக்கா, கட்டையை..."

"நாலு மணிக்கு எடுத்துப்போடுவன் தம்பி. அரை மணித்தியாலம்தானே. வந்து ஒரு கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தனான். அவள் வரேல்லை. பிறகுதான் திறந்து வைக்கிறன்." என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இஞ்சை வேலை செய்யேக்கை அவள் வந்தவளோ?"

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று சொல்லச் சொல்லிக் கண்ணால் கேட்டார். எனக்கு அந்தத் தாய்க்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வந்தவ அக்கா."

"என்ன சொன்னவள்?"

"நான்தான் எண்டு சொன்னவ. அம்மா எண்டு கூப்பிட்டவ."

அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்து மேலங்கியால் முகத்தைத் துடைத்தபோது சிரித்தார். ஒன்பது வருடத்தில் அந்த முகம் அப்படிச் சிரித்திருக்காது. "அப்ப என்னைத் தேடினவள். பாத்தியளே? வருவாள். கொஞ்சம் வழி பிடிபட வேணும், அவ்வளவுதான். வருவாள்."

கட்டையை எடுக்கும்படி நான் சொல்லவில்லை. வேலைப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். அண்ணை என் பின்னால் வந்தார். வானடியில் வைத்து நான் அந்தத் திறப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். எங்கே கண்டேன், எப்படிக் கண்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் வான் படியில் அப்படியே இருந்துவிட்டார். திறப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ரை திறப்புத் தம்பி," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"பெட்டிக்குள்ளை இரும்பு ஒண்டும் வைக்கக்கூடாது எண்டு சொன்னவங்கள். நான் கேக்கேல்லை. வாய்க்கரிசி போடேக்கை பிள்ளையின்ரை கைக்குள்ளை இதை வைச்சு, அரிசியாலை மூடிவிட்டனான். ஒருத்தரும் காணேல்லை. அருமைக்கும் இண்டை வரைக்கும் தெரியாது. நெருப்புக்குள்ளை போனது தம்பி இது. என்ரை கண்ணுக்கு முன்னாலை போனது."

பனியில் அந்தத் திறப்பைக் கையில் எடுத்தது நான் அல்லவா.

"ஏன் அண்ணை வைச்சனீங்கள்?"

அவர் மேலே அந்த ஜன்னலைப் பார்த்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"லொறி அடிச்சதுக்கு முதல்நாள் அவள் தன்ரை திறப்பைத் துலைச்சுப்போட்டு வந்தவள். மூண்டாவது தரம். எனக்குக் கோபம் வந்திட்டுது. திறப்பில்லாமல் வீட்டுப் பக்கம் வராதை எண்டு விடியப்புறம் ஏசி அனுப்பினன். பிள்ளை பள்ளிக்கூடம் விட்ட பிறகு விளையாட்டுத் திடல் முழுக்கத் தேடினதாம். ரீச்சர் பிறகு சொன்னவ. நல்லா இருட்டின பிறகுதான் சைக்கிளை எடுத்தவளாம். லொறிக்காரனுக்குப் பிள்ளையைத் தெரியேல்லை..." புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "நான் ஏசினதுக்குப் பயந்து, செத்த பிறகும் வாசலிலை நிப்பாளோ எண்டுதான் திறப்பைக் குடுத்து விட்டனான். அடுத்த மாதமே வரத் தொடங்கினவள். எனக்கும் கேக்கும் தம்பி. ஒன்பது வருசமும், வீட்டிலை நிண்ட நாளெல்லாம் கேட்டது. அவளின்ரை முகத்திலை முழிக்கேலாமல் பின்னேர வேலைக்கு ஓடிப்போவன். அதுதான் கதவை மாத்தச் சொன்னனான்."

மேலே ஜன்னலில் அக்காவின் நிழல் அசைந்தது. நான் அண்ணையின் தோளில் கை வைத்தேன். "அழாதேங்கோ. அக்கா சொல்றமாதிரி ஒரு நாளைக்கு வழி பிடிபட்டு வருவாதானே," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அந்தக் கருகின திறப்பை உள்ளங்கையில் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"திறப்பைத் திருப்பித் தந்திட்டாளே தம்பி. இனி வரமாட்டாள். அவள் நான் சொன்ன சொல்லுத் தட்டாத பிள்ளை."